முத்தின் அகச்சிவப்பு நிறமாலையியல்

முத்தின் அகச்சிவப்பு நிறமாலையியல் என்பது, முத்து, முத்துச்சிப்பி ஓடு ஆகியவற்றின் மீது அகச்சிவப்புக் கதிர்களைச் செலுத்தி, எந்தெந்த அலையெண்களில் கதிர் உட்கவரப்படுகின்றது என்பதை அளந்து, அவற்றின் மூலக்கூற்று அமைப்பையும் படிக வகையையும் பரப்பில் ஒட்டியுள்ள பொருட்களையும் அறியும் முறையாகும். முத்தும், சிப்பியின் சொரசொரப்பான வெளி ஓடும், கடற்கரையில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லும் வேதியியல் வாய்பாட்டின்படி ஒரே பொருளே. மூன்றுமே கால்சியம் கார்பனேட்டு ஆகும். தனிமங்களின் அளவை மட்டும் காணும் வேதிப் பகுப்பாய்வால் இவற்றை எளிதில் வேறுபடுத்த இயலாது. அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்து மாறும் அகச்சிவப்பு நிறமாலை இவ்வேறுபாட்டைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகின்றது.

தூத்துக்குடி மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கரை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். கொற்கைக் காலம் தொட்டு முத்துக்குளித்தல் நடைபெற்ற இக்கடலில், அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தைச் சேர்ந்த கடலோர ஊரான வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்ப்பு ஆய்வை 1972 ஆம் ஆண்டில் தொடங்கியது. கே. அழகர்சாமி தலைமையிலான குழுவினர் 1973 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் உருண்டையான வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முறையாக உருவாக்கினர். இதற்குப் பயன்பட்ட சிப்பி பிங்க்டாடா பியூக்காட்டா என்னும் இனமாகும். சப்பானிய வளர்ப்பு முத்துத் தொழிலின் அடிப்படையும் இதே இனம் என்பதால், அதன் ஓடும் முத்தும் உலகில் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் அடங்கும்.

அடிப்படை

ஒரு மூலக்கூறிலுள்ள அணுக்கள் அசையாமல் நிற்பதில்லை. வேதிப் பிணைப்புகள் சுருள்வில்லைப் போல நீண்டும் சுருங்கியும் வளைந்தும் அதிர்ந்து கொண்டேயிருக்கின்றன. பிணைப்பு வலிமையானதாக இருந்தால் அதிர்வெண் கூடும். அணுக்கள் கனமானவையாக இருந்தால் அதிர்வெண் குறையும். இவ்வதிர்வெண்கள் அகச்சிவப்புக் கதிர்களின் அதிர்வெண் எல்லைக்குள் அமைகின்றன. எனவே, தன் அதிர்வெண்ணோடு ஒத்துள்ள கதிரை மூலக்கூறு உட்கவர்கின்றது. அவ்வதிர்வின்போது மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் மாறவேண்டும் என்பது இதற்கான நிபந்தனையாகும். நைட்ரசன், ஆக்சிசன் போன்ற வளிமங்கள் இந்நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. ஆகவே காற்றின் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களுக்கு ஒளிபுகும் ஊடகமாக உள்ளது. காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டைஆக்சைடும் அவ்வாறல்ல. ஆய்வுக்கூடத்தில் பெரும் தொல்லை தருபவை இவ்விரண்டுமே.

வேதியியலாளர்கள் அலைநீளத்திற்குப் பதிலாக அலையெண்ணைப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு செண்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அலையெண் ஆகும். பொதுவாக அளக்கப்படும் எல்லை 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரையாகும். இது 2.5 முதல் 25 மைக்குரோமீட்டர் வரையான அலைநீளத்திற்குச் சமம்.

அகச்சிவப்புக் கதிர்களை வில்லியம் எர்செல் 1800 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கரிமச் சேர்மங்களின் உட்கவர் நிறமாலைகளை 1881 ஆம் ஆண்டில் ஆப்னியும் பெசுட்டிங்கும் ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தனர். வில்லியம் கோபிளென்ட்சு நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களின் நிறமாலைகளை அளந்து 1905 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதே அதிர்வுகளை வேறு வழியில் காட்டும் இராமன் விளைவு 1928 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதைக் கண்டறிந்த ச. வெ. இராமன் சிப்பிகளின் மீதும் ஆர்வம் கொண்டிருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. வானவில் நிறம் காட்டும் சிப்பி ஓடுகளைப் பற்றி 1935 ஆம் ஆண்டிலும், கிருட்டிணமூர்த்தியுடன் இணைந்து முத்துகளின் அமைப்பையும் ஒளியியலையும் பற்றி 1954 ஆம் ஆண்டிலும் அவர் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். சி. என். ஆர். ராவ் 1963 ஆம் ஆண்டில் எழுதிய அகச்சிவப்பு நிறமாலையியலின் வேதியியல் பயன்பாடுகள் பற்றிய ஆங்கில நூல், இத்துறையில் இந்தியாவிலிருந்து வெளிவந்த முக்கியமான நூலாகும்.

ஒரே வாய்பாடு, இரு படிகங்கள்

முத்துச்சிப்பியின் ஓட்டை உடைத்துப் பார்த்தால் இரு அடுக்குகள் தெரியும். வெளிப்புறத்தில் பட்டகங்கள் நெருக்கி நிற்பது போன்ற மங்கலான அடுக்கு உள்ளது. இது கால்சைட்டு என்னும் படிக வகையால் ஆனது. உட்புறத்தில் உள்ள பளபளப்பான அடுக்கு நாக்கர் எனப்படும். இது அரகோனைட்டு என்னும் படிக வகையால் ஆனது. ஏறத்தாழ அரை மைக்குரோமீட்டர் தடிப்புள்ள அரகோனைட்டுத் தகடுகள் செங்கற்களைப் போல வரிசையாக அடுக்கப்பட்டு, இடையே புரதமும் கைட்டினும் சாந்து போலப் பூசப்பட்டிருக்கின்றன. முத்தும் இதே நாக்கரால் ஆனதே.

இரு படிகங்களிலும் உள்ளவை கால்சியம் அயனியும் கார்பனேட்டு அயனியும் ஆகும். கால்சைட்டில் ஒவ்வொரு கால்சியத்தையும் ஆறு ஆக்சிசன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. அரகோனைட்டில் ஒன்பது ஆக்சிசன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. இதனால் அரகோனைட்டு சற்று அடர்த்தி கூடியது. அதன் ஒப்படர்த்தி 2.93, கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.71.

இவ்வேறுபாடு அகச்சிவப்பு நிறமாலையில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை அறியக் கார்பனேட்டு அயனியின் வடிவத்தைக் கருத வேண்டும். நடுவில் ஒரு கார்பன் அணுவும் அதைச் சுற்றி ஒரே தளத்தில் சமபக்க முக்கோணமாக மூன்று ஆக்சிசன் அணுக்களும் உள்ளன. நான்கு அணுக்கள் கொண்ட இவ்வயனிக்கு ஆறு அதிர்வுகள் உண்டு. அவற்றுள் இரண்டு சோடிகள் சமச்சீரின் காரணமாக ஒரே அதிர்வெண்ணைக் கொண்டிருப்பதால், தனித்தனி அதிர்வெண்கள் நான்கு மட்டுமே. மூன்று பிணைப்புகளும் ஒருசேர நீண்டு சுருங்கும் சமச்சீர் நீட்சி, கார்பன் அணு தளத்திற்கு மேலும் கீழும் அசையும் வளைவு, சமச்சீரற்ற நீட்சி, தளத்திற்குள்ளேயே நிகழும் வளைவு என்பன அவை.

கால்சைட்டுப் படிகத்தில் கார்பனேட்டு அயனியின் முக்கோணச் சமச்சீர் பெரும்பாலும் கெடாமல் இருக்கின்றது. ஆகவே சமச்சீர் நீட்சியின்போது இருமுனைத் திருப்புத்திறன் மாறுவதில்லை. அகச்சிவப்பு நிறமாலையில் அதற்கான பட்டை தோன்றுவதில்லை. தளத்திற்குள் நிகழும் வளைவு 713 செ.மீ⁻¹ அருகே ஒற்றைப் பட்டையாகவும், தளத்திற்கு வெளியே நிகழும் வளைவு 875 செ.மீ⁻¹ அருகே கூர்மையான பட்டையாகவும், சமச்சீரற்ற நீட்சி 1420 செ.மீ⁻¹ அருகே அகன்ற பட்டையாகவும் அமைகின்றன.

அரகோனைட்டில் அயனி அமர்ந்துள்ள இடம் சமச்சீர் குறைந்தது. சுற்றியுள்ள கால்சியம் அயனிகள் முக்கோணத்தின் மூன்று முனைகளையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. இதனால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. கால்சைட்டில் மறைந்திருந்த சமச்சீர் நீட்சி 1083 செ.மீ⁻¹ அருகே சிறிய, கூர்மையான பட்டையாக வெளிப்படுகின்றது. ஒன்றாயிருந்த தளவளைவு 713, 700 செ.மீ⁻¹ என இரண்டாகப் பிளவுபடுகின்றது. மேலும் தளத்திற்கு வெளியே நிகழும் வளைவு 858 செ.மீ⁻¹ அருகிற்கு இறங்குகின்றது. சமச்சீரற்ற நீட்சி 1475 செ.மீ⁻¹ அருகிற்கு ஏறுகின்றது. வேப்பலோடையில் வளர்ந்தது போன்ற ஒரு முத்தின் பொடியில் 713, 700 என்னும் இரட்டைப் பட்டையும் 1083 பட்டையும் தெரிந்தால் அது அரகோனைட்டு என்பதில் ஐயமில்லை. 875 செ.மீ⁻¹ அருகே ஒரு தோள் போலப் பட்டை தலைகாட்டினால், ஓட்டின் வெளியடுக்கு சிறிது கலந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது வகையான வாட்டரைட்டு, இயற்கையில் அரிதானது. பளபளப்புக் குன்றிய சில நன்னீர் முத்துகளில் இது காணப்படுகின்றது. 745 செ.மீ⁻¹ அருகே தோன்றும் பட்டை இதன் அடையாளமாகும். படிகமாகாத கால்சியம் கார்பனேட்டில் 713 செ.மீ⁻¹ அருகிலுள்ள கூர்மையான பட்டை இல்லாமல் போகின்றது. சிப்பியினங்கள் பல, இப்படிகமற்ற வடிவத்தை முதலில் உருவாக்கிப் பின்னரே படிகமாக மாற்றுகின்றன என்னும் கருத்திற்கு இத்தகைய நிறமாலைகளும் சான்றாக அமைந்தன.

மாதிரி தயாரித்தல்

வழக்கமான முறையில், ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் மாதிரியை நூறு மடங்கிற்கும் மேற்பட்ட பொட்டாசியம் புரோமைடுடன் சேர்த்து அகேட்டு உரலில் நன்கு அரைத்து, அழுத்தி, கண்ணாடி போன்ற வில்லையாக்குவர். பொட்டாசியம் புரோமைடு 400 செ.மீ⁻¹ வரை கதிரை உட்கவர்வதில்லை. ஆனால் அது ஈரத்தை இழுக்கும் உப்பு. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அரைத்தால், 3400 செ.மீ⁻¹ அருகிலும் 1640 செ.மீ⁻¹ அருகிலும் நீரின் பட்டைகள் வந்து சேரும். இரண்டாவது பட்டை, முத்திலுள்ள புரதத்தின் முதன்மையான பட்டை தோன்றும் இடத்திலேயே அமைவதால், நீரைப் புரதம் என்று தவறாகக் கொள்ளும் வாய்ப்பு உண்டு. உப்பை 110 பாகை செல்சியசுக்கு மேல் உலர்த்தி வைப்பதும், மாதிரி இல்லாத வெறும் வில்லையை ஒப்பீட்டிற்காக அளப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

அரைப்பதிலும் எச்சரிக்கை தேவை. நெடுநேரம் அரைத்தால் கால்சைட்டின் ஒரு பகுதி அரகோனைட்டாக மாறுவது 1950களிலேயே அறியப்பட்டது. மாறாக, ஏறத்தாழ 400 பாகை செல்சியசு அளவில் சூடாக்கினால் அரகோனைட்டு கால்சைட்டாக மாறிவிடும். உயிரினங்கள் உருவாக்கிய அரகோனைட்டில் இம்மாற்றம் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே தொடங்கலாம். ஆய்வாளரின் உரலில் உருவான படிகத்தைச் சிப்பி உருவாக்கியதாக எழுதிவிடும் பிழைக்கு இது இடமளிக்கின்றது.

விலை மதிப்புள்ள முத்தைப் பொடியாக்க எவரும் உடன்படமாட்டார். அதற்குத் தெறிப்பு முறைகள் உள்ளன. அவற்றுள் பரவலானது குறைக்கப்பட்ட முழு அகத்தெறிப்பு முறையாகும். வைரம் அல்லது செருமேனியப் படிகத்திற்குள் கதிர் முழுமையாகத் தெறிக்கும்போது, படிகத்தைத் தொட்டுக் கொண்டிருக்கும் பொருளுக்குள் ஓரிரு மைக்குரோமீட்டர் ஆழம் வரை சிறிதளவு எட்டிப் பார்க்கின்றது. அம்மெல்லிய அடுக்கின் நிறமாலையே கிடைக்கின்றது. உருண்டையான முத்து தட்டையான படிகத்தை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும் என்பதால் குறிகை வலுவற்றதாக இருக்கும்.

பரப்புக் கவர்தல்

வளிமத்திலோ நீர்மத்திலோ உள்ள மூலக்கூறுகள் ஒரு திண்மத்தின் பரப்பில் ஒட்டிச் சேர்வது பரப்புக் கவர்தல் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் இது புறத்துறிஞ்சல் என வழங்கும். பரப்பில் ஒட்டிய மூலக்கூறின் பிணைப்புகள் சற்றே வலுவிழக்கின்றன அல்லது வலுவடைகின்றன. அதற்கேற்ப அதன் பட்டை இடம் பெயர்கின்றது. இதற்குப் பாடநூல்கள் கூறும் எடுத்துக்காட்டு கார்பன் மோனாக்சைடு ஆகும். தனித்த வளிமத்தில் அதன் பட்டை 2143 செ.மீ⁻¹ இல் உள்ளது. பிளாட்டினத்தின் ஓர் அணுவின் மேல் நிமிர்ந்து ஒட்டினால் 2050 முதல் 2100 செ.மீ⁻¹ வரையிலும், இரண்டு அணுக்களுக்கு இடையே பாலம் போல அமர்ந்தால் 1800 முதல் 1880 செ.மீ⁻¹ வரையிலும் தோன்றுகின்றது. ஐசென்சும் அவருடன் பணியாற்றியோரும் 1954 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்ட பின்னரே, பரப்பில் உள்ள மூலக்கூறுகளை நேரடியாகக் காணும் முறையாக அகச்சிவப்பு நிறமாலையியல் வளர்ந்தது.

முத்தைப் பொறுத்தவரை பரப்புக் கவர்தலே அதன் பிறப்பின் மையமாகும். ஒரே கடல்நீரிலிருந்து, ஒரே சிப்பி, தன் ஓட்டின் ஓரத்தில் கால்சைட்டையும் உட்புறத்தில் அரகோனைட்டையும் உருவாக்குவது எவ்வாறு என்னும் கேள்விக்கு 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் முக்கியமான விடையளித்தன. பலினியும் உடனாய்வாளர்களும் சிப்பி ஓட்டின் அரகோனைட்டு அடுக்கிலிருந்தும் கால்சைட்டு அடுக்கிலிருந்தும் கரையக்கூடிய பெருமூலக்கூறுகளைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். அவற்றைக் கைட்டினும் பட்டுப் புரதமும் சேர்ந்த தளத்தின் மீது பரப்புக் கவரச் செய்து, அங்கே கால்சியம் கார்பனேட்டை வளரவிட்டனர். அரகோனைட்டு அடுக்கின் மூலக்கூறுகள் ஒட்டிய தளத்தில் அரகோனைட்டும், கால்சைட்டு அடுக்கின் மூலக்கூறுகள் ஒட்டிய தளத்தில் கால்சைட்டும் வளர்ந்தன. பரப்பில் எது ஒட்டியுள்ளது என்பதே மேலே வளரும் படிகத்தின் அமைப்பை முடிவு செய்கின்றது. அதே ஆண்டில் பிங்க்டாடா பியூக்காட்டா சிப்பியின் நாக்கரிலிருந்து நாக்ரீன் என்னும் புரதம் கண்டறியப்பட்டது. கார்பன் டைஆக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றும் நொதியை ஒத்த பகுதி அதில் உள்ளது.

இப்புரதங்களை நிறமாலையில் காண்பது எளிதன்று. முத்தின் எடையில் கரிமப் பொருளின் பங்கு சில விழுக்காடே. புரதத்தின் அமைடுப் பிணைப்பு 1650 செ.மீ⁻¹ அருகிலும் 1540 செ.மீ⁻¹ அருகிலும் பட்டைகளைத் தரும். முதல் பட்டை 1630 செ.மீ⁻¹ பக்கம் சாய்ந்திருந்தால் பட்டுநூலில் உள்ளது போன்ற தாள் வடிவ மடிப்பு மிகுதி எனலாம். ஆனால் 1540 பட்டையைக் கார்பனேட்டின் அகன்ற பட்டை பெரும்பாலும் மூடிவிடுகின்றது. கால்சியத்துடன் பிணைவதாகக் கருதப்படும் கார்பாக்சிலேட்டுத் தொகுதியின் 1400 செ.மீ⁻¹ அருகிலான பட்டையும் அவ்வாறே மறைந்துவிடும். ஆகவே கார்பனேட்டை மென்மையாகக் கரைத்து நீக்கி, எஞ்சும் சவ்வை அளப்பர். கரைத்தபின் கிடைப்பது பரப்பிலிருந்து விடுபட்ட புரதத்தின் நிறமாலையே. பரப்பில் ஒட்டியிருந்தபோது அது எவ்வாறு மடிந்திருந்தது என்பதை அதிலிருந்து உறுதியாகக் கூறமுடியாது.

சிப்பி ஓட்டுத்தூளைக் கொண்டு கழிவுநீரிலிருந்து பாசுபேட்டையும் ஈயம் போன்ற உலோக அயனிகளையும் நீக்கும் ஆய்வுகளிலும் இம்முறை பயன்படுகின்றது. நீரிலிருந்த ஈயம் குறைந்துவிட்டது என்பது மட்டும் பரப்புக் கவர்தலுக்குச் சான்றாகாது. ஈயக் கார்பனேட்டு என்னும் புதிய திண்மமே பரப்பில் வீழ்படிந்திருக்கலாம். அவ்வாறாயின் 838, 678 செ.மீ⁻¹ அருகே புதிய பட்டைகள் தோன்றும். பாசுபேட்டானால் 1030 செ.மீ⁻¹ சுற்றியும் 600, 560 செ.மீ⁻¹ அருகிலும் கால்சியம் பாசுபேட்டின் பட்டைகள் தோன்றும். ஒட்டியதா, வீழ்படிந்ததா என்பதைப் பொறுத்தே அத்தூளை மீண்டும் பயன்படுத்த முடியுமா என்பது அமையும். பல மாணவர் ஆய்வேடுகளில், தூளைப் பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைகளை அருகருகே வைத்து, ஏதோ ஒரு பட்டை ஐந்தாறு அலையெண் நகர்ந்ததைப் பரப்புக் கவர்தல் என்று எழுதிவிடுவதைக் காணலாம். கருவியின் பிரிதிறன் 4 செ.மீ⁻¹ என்றிருக்கும்போது, அகன்ற பட்டையில் அத்தகைய நகர்வுக்குப் பொருள் மிகக் குறைவு.

கடலில் மூழ்கிய பரப்புகள்

கடல்நீரில் எந்தப் பொருளை இறக்கினாலும், சில நிமிடங்களுக்குள் நீரில் கரைந்துள்ள புரதங்களும் சர்க்கரைப் பொருட்களும் அதன்மீது மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. செருமேனியப் படிகத்தையே கடலில் மூழ்கவைத்துப் பின்னர் எடுத்து நிறமாலை அளந்ததன் மூலம் இப்படலம் ஆராயப்பட்டது. பாக்டீரியாக்களும் அவற்றைத் தொடர்ந்து கொட்டலசு போன்ற உயிரிகளும் இதன் மேலேயே குடியேறுகின்றன. படகின் அடிப்பகுதிக்கு நேரும் இதே தொல்லை முத்துப் பண்ணைகளுக்கும் உண்டு. மிதவைகளில் தொங்கும் கூடைகளையும் சிப்பிகளையும் கொட்டலசுகள் மூடிவிடுவதால் அவ்வப்போது சுரண்டித் தூய்மை செய்யவேண்டியுள்ளது. கொட்டலசின் ஓடு கால்சைட்டால் ஆனது. முத்துச்சிப்பி ஓட்டின் வெளியடுக்கும் கால்சைட்டே என்பதால், சரியாகச் சுரண்டப்படாத ஓட்டிலிருந்து எடுத்த பொடியில் காணப்படும் 875 செ.மீ⁻¹ பட்டை எதனுடையது என்று நிறமாலையைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது.

காரைக்குடியில் 1953 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடல்நீரில் உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராயத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் ஒரு மையத்தை ஏற்படுத்தியது. இரும்பின் துருவிலும் முத்தின் கதையே மீண்டும் நிகழ்கின்றது. லெப்பிடோகுரோசைட்டு, கோத்தைட்டு ஆகிய இரண்டும் ஒரே வாய்பாடு கொண்ட இரும்பு ஆக்சி ஐதராக்சைடுகள். முன்னது 1020 செ.மீ⁻¹ அருகிலும் பின்னது 890, 795 செ.மீ⁻¹ அருகிலும் பட்டைகளைத் தருகின்றன. துருத் தடுப்பான்களாகப் பயன்படும் கரிமச் சேர்மங்கள் உலோகப் பரப்பில் நிமிர்ந்து நிற்கின்றனவா, படுத்துக் கிடக்கின்றனவா என்பதையும் தெறிப்பு நிறமாலையால் அறியலாம். உலோகப் பரப்பிற்குச் செங்குத்தாக நிகழும் இருமுனை மாற்றங்கள் மட்டுமே அங்கு வலுவாகத் தெரியும் என்பதால், படுத்திருக்கும் பிணைப்பின் பட்டை மங்கிவிடுகின்றது.

முத்துச் சோதனையில் பயனும் எல்லையும்

போலி முத்துகளைக் கண்டறிய இம்முறை நன்கு உதவுகின்றது. கண்ணாடி மணியின் மீதோ நெகிழி மணியின் மீதோ பளபளப்பான பூச்சு பூசப்பட்டவையே பெரும்பாலான போலிகள். பூச்சில் செல்லுலோசு நைட்ரேட்டு இருந்தால் 1650, 1280, 840 செ.மீ⁻¹ அருகே பட்டைகள் தெரியும். அக்ரிலிக்கு வகை நெகிழியானால் 1730 செ.மீ⁻¹ அருகே வலுவான பட்டை தெரியும். உண்மை முத்தில் இவை இருப்பதில்லை. மெருகேற்றப் பூசப்பட்ட மெழுகையும் 2920, 2850 செ.மீ⁻¹ பட்டைகள் காட்டிக் கொடுக்கும்; ஆனால் முத்தைக் கையாண்டவரின் விரல் எண்ணெயும் அதே இடத்தில் பட்டைகளைத் தரும் என்பதால் முதலில் துடைத்துவிட்டு அளக்கவேண்டும்.

வணிகத்தில் மிகுந்த விலை வேறுபாட்டை உண்டாக்கும் கேள்விக்கு மட்டும் இம்முறையிடம் விடையில்லை. கடலில் தானாக விளைந்த முத்தா, கரு வைத்து வளர்த்த முத்தா என்பதே அக்கேள்வி. இரண்டின் புறப்பரப்பிலும் உள்ளது அதே சிப்பி சுரந்த அதே நாக்கர். அகத்தெறிப்பு முறையில் கதிர் செல்லும் ஆழம் ஓரிரு மைக்குரோமீட்டர் மட்டுமே. கரு அதைவிட வெகு ஆழத்தில் உள்ளது. கருவைத் தொடும்வரை முத்தைப் பிளந்தாலும் பயன் குறைவு. கரு மணிகள் வழக்கமாக நன்னீர்ச் சிப்பி ஓட்டிலிருந்து கடைந்தெடுக்கப்படுகின்றன. இந்தியாவில் சங்கு ஓட்டிலிருந்தும் செய்து பார்க்கப்பட்டன. அவையும் அரகோனைட்டே. ஆகவே உள்ளும் புறமும் 713, 700 என்னும் அதே இரட்டைப் பட்டையே தெரியும். முத்தை எக்சு கதிர்ப் படம் எடுத்து, உருண்டையான கருவின் விளிம்புக் கோட்டைத் தேடுவதே இதற்குரிய வழியாகும். மன்னார் வளைகுடாவில் பழைய முத்துக்குளிப்புகளில் கிடைத்ததாகக் கூறி விற்கப்படும் முத்துகளுக்கும் இச்சோதனையே வேண்டும். அகச்சிவப்பு நிறமாலை மட்டும் இணைக்கப்பட்ட சான்றிதழ், அது நெகிழியன்று என்பதற்கே சான்றாகும்.